4,400 சிசி மோட்டார் சைக்கிள்: ஆரம்பகாலத்தில் இன்ஜின் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது?

1907 ஜனவரி 24 அன்று அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்மண்ட் கடற்கரையில், க்ளென் கர்டிஸ் ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டினார். அதில் இருந்தது எட்டு சிலிண்டர் இன்ஜின். கொள்ளளவு ஏறக்குறைய 4,400 சிசி. அளந்து வைத்த ஒரு மைலை அது 26.4 நொடியில் கடந்தது. மணிக்கு 136 மைல், நம் கணக்கில் 219 கி.மீ. வண்டியின் எடை சுமார் 125 கிலோதான். சென்னையில் தயாராகும் புல்லட் 350 இன்று 195 கிலோ இருக்கிறது. அதன் இன்ஜின் 349 சிசி.

பன்னிரண்டு மடங்கு பெரிய இன்ஜினைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி புல்லட்டைவிட 70 கிலோ குறைவாக எப்படி இருந்தது, அப்படிச் செய்ய ஏன் தோன்றியது, செய்தபோது எது எது உடைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்ஜின் பற்றி அடிப்படை தெரியாதவர்களும் படிக்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சிசி, சுற்று, திறன்

சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே வரும்போது எவ்வளவு இடத்தைக் காலி செய்கிறதோ அதுதான் சிசி. கர்டிஸ் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் குறுக்களவில் 92 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் சுமார் 82.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 550 சிசி சொச்சம், எட்டுக்கு 4,400.

சிசி என்பது ஒரு தடவையில் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை போகிறது என்பது சுற்று, அதாவது ஆர்பிஎம். திறன் இந்த இரண்டின் பெருக்கல். கட்டட வேலையில் மணல் சுமப்பதைப் பாருங்கள்: பெரிய சட்டியில் நாலு நடை போனாலும், சிறிய சட்டியில் இருபது நடை போனாலும் மேலே சேரும் மணல் ஒன்றாக இருக்கலாம். 1890-களின் இன்ஜின்களால் அதிக நடை போக முடியவில்லை. ஆகவே சட்டியைப் பெரிதாக்கினார்கள்.

எவ்வளவு மெதுவாகச் சுற்றின என்பதற்கு நல்ல உதாரணம் 1894-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உற்பத்திக்கு வந்த ஹில்டபிரான்ட்–வோல்ஃப்முல்லர். விற்பனைக்காக வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் இதுதான். கொள்ளளவு 1,489 சிசி. திறன் 2.5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 240 சுற்றில். லிட்டருக்கு 1.7 குதிரைத்திறன் என்று வருகிறது. கர்டிஸின் இன்ஜின் 1,800 சுற்றில் 40 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 9. புல்லட் 350 சுமார் 6,100 சுற்றில் 20 குதிரைத்திறன், லிட்டருக்கு 57. மியூனிக் இன்ஜினின் விகிதத்திலேயே புல்லட்டின் திறனை எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 12 லிட்டர் இன்ஜின் தேவைப்படும்.

ஏன் வேகமாகச் சுற்ற முடியவில்லை?

முதல் தடை உள்ளிழுக்கும் வால்வு. அந்தக் காலத்து இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் இந்த வால்வைத் திறக்க கேம் (சுழன்றபடி வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவப் பாகம்) கிடையாது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை மூடி வைத்திருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறக்கும். மெதுவாகச் சுற்றும்வரை பிரச்சினை இல்லை. சுற்று கூடக்கூட வால்வு தாமதமாகத் திறந்து, தாமதமாக மூடும். உள்ளே வரவேண்டிய கலவையில் பாதிதான் வரும். மூடுவதற்கு வலுவான ஸ்பிரிங் போட்டால் உறிஞ்சலால் அதைச் சரியாகத் திறக்க முடியாது. மெல்லிய ஸ்பிரிங் போட்டால் வால்வு படபடவென்று அடித்துக்கொள்ளும். கேம் வைத்து இந்த வால்வையும் இயக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது தடை தீப்பொறி. மியூனிக் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை, சூட்டுக் குழாய்தான். ஒரு முனை அடைத்த சிறு பிளாட்டினக் குழாயை வெளியிலிருந்து பர்னர் சுடரால் பழுக்கக் காய்ச்சி வைப்பார்கள். பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது கலவை அந்தக் குழாய்க்குள் நுழைந்து பற்றிக்கொள்ளும். எந்த நொடியில் பற்ற வேண்டும் என்பதை ஓட்டுநரால் மாற்ற முடியாது. வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். சூட்டுக் குழாயில் அதற்கு வழியே இல்லை. போதாக்குறைக்கு, எதிர்க்காற்று பலமாக அடித்தால் பர்னர் அணைந்துவிடும்.

மூன்றாவது, எடை. அன்றைய பிஸ்டன்கள் வார்ப்பிரும்பு. பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இன்று போல அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்ச் சுற்றும் கிடையாது. பல வண்டிகளில் ஓட்டுநரே அவ்வப்போது கைப்பம்பை அமுக்கி எண்ணெய் அனுப்ப வேண்டும். மறந்தால் பிஸ்டன் சிக்கும். பயத்தில் இரண்டு தடவை கூடுதலாக அமுக்கினால் பிளக்கில் கரி பிடித்து இன்ஜின் நின்றுபோகும்.

எல்லோரும் பெரிய சட்டியின் பின்னால் போனதாக நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் டி டியோன்–பூட்டான் நிறுவனம் 1895-லேயே பேட்டரி, காயில், பாயின்ட் கொண்ட பற்றவைப்போடு சிறிய இன்ஜினை 1,500 சுற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. பின்னாளில் உலகம் முழுக்கப் பின்பற்றியது அந்த வழியைத்தான். ஆனால் உடனடியாக நிறையத் திறன் வேண்டும் என்பவருக்கு, தெரிந்த இன்ஜினையே பெரிதாக வார்ப்பதுதான் சுலபம்.

பின்சக்கரமே கிராங்க்

மியூனிக் வண்டியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கியர், கிளட்ச், செயின், பெல்ட் எதுவுமே அதில் இல்லை. இரண்டு சிலிண்டரும் படுத்த நிலையில் இருக்கும். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு இரண்டும், மற்ற இன்ஜின்களில் முன்பின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்குக்குப் போவதற்குப் பதிலாக, நேராகப் பின்சக்கரத்தின் அச்சுக்குப் போய்ச் சேரும், ரயில் இன்ஜினில் இருப்பதைப் போலவே. பின்சக்கரம் ஆரக்கால் இல்லாத கனமான தகடு, ஏனென்றால் அதுவே ஃப்ளைவீல், அதாவது உதைகளுக்கு இடையில் சுழற்சியைத் தக்கவைக்கும் கனச் சக்கரம். பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ள உதவியாக இரு பக்கமும் தடித்த ரப்பர் பட்டைகள். பின் மட்கார்டு உள்ளீடற்றது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் அதற்குள்தான் நின்றது.

பின்சக்கரத்தின் குறுக்களவு 22 அங்குலம், சுற்றளவு சுமார் 1.76 மீட்டர். நிமிடத்துக்கு 240 சுற்று என்றால் 420 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. இதன் உச்ச வேகமாகச் சொல்லப்படும் 45 கி.மீ.க்குப் போக சுமார் 430 சுற்று வேண்டும். இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். மணிக்கு 10 கி.மீ.யில் ஊர்ந்தால் இன்ஜின் 95 சுற்றில் இருக்கும். இரண்டு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் உதைக்கும். அதாவது நொடிக்கு ஒன்றரை உதை. ஒவ்வோர் உதைக்கும் வண்டி முன்னால் துள்ளும், இடையில் தளரும். மெதுவாக ஓட்டுவதுதான் இதில் மிகக் கஷ்டமான வேலை.

அந்த இன்ஜினின் முறுக்குவிசையை, அதாவது அச்சைத் திருப்பும் பலத்தை, கணக்கிட்டால் 74 நியூட்டன் மீட்டர் வருகிறது. புல்லட்டின் உச்சம் 27. எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. புல்லட்டின் 27-ஐ முதல் கியர் பல மடங்கு பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது; மியூனிக் வண்டியில் 74 அப்படியே 74-ஆகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மேடு வந்தால் மாற்றிக்கொள்ள எதுவுமில்லை. கிளம்புவதற்கும் ஓட்டுநர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, இன்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். 1897-க்குள் அந்த நிறுவனம் மூழ்கிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

50 கிலோ விதி என்ன செய்தது?

இன்ஜின் பெருத்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. பந்தய விதிகளும் காரணம். 1904 முதல் 1906 வரை நடந்த சர்வதேசக் கோப்பைப் பந்தயத்தில் வண்டியின் எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி. பாதுகாப்புக்காகவும் வண்டிகள் அடக்கமாக இருப்பதற்காகவும் போட்ட விதி போலத் தெரியும். நடந்தது நேர்மாறு. இன்ஜினின் கொள்ளளவுக்கு வரம்பு இல்லை என்பதால், தயாரிப்பாளர்கள் 50 கிலோவில் முடிந்தவரை இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஃப்ரேம், ஃபோர்க், டயர், பிரேக் எல்லாவற்றிலும் சுரண்டி எடுத்தார்கள். குழாயின் சுவர் மெலிந்தது, டயர் சைக்கிள் டயரின் தடிமனுக்கு இறங்கியது. அன்றைய மண்சாலையில் அந்த டயர் என்ன பாடு பட்டிருக்கும்!

இந்தப் போக்கு பிடிக்காத பிரிட்டிஷ்காரர்கள் 1907 மே 28 அன்று மேன் தீவில் தங்கள் சொந்தப் பந்தயமான டி.டி.யை (டூரிஸ்ட் டிராஃபி) தொடங்கினார்கள். எடை வரம்பை விட்டுவிட்டு பெட்ரோல் வரம்பு வைத்தார்கள்: ஒற்றை சிலிண்டர் வண்டி காலனுக்கு 90 மைல், இரட்டை சிலிண்டர் 75 மைல் தர வேண்டும். லிட்டருக்குச் சுமார் 32 கி.மீ., 27 கி.மீ. பந்தயத்துக்கே மைலேஜ் கண்டிஷன்! ஆனால் வேலை செய்தது. பெரிய இன்ஜின் வைத்தால் பெட்ரோல் பாதி வழியில் தீர்ந்துவிடும். ஆகவே திறமையாக எரிக்கும் இன்ஜினும் முழுத் தூரம் தாங்கும் ஃப்ரேமும் தேவைப்பட்டன. ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் மணிக்குச் சராசரி 38 மைலில் வென்றார். வேகத்தைப் பார்த்தால் சாதாரணம். மோட்டார் சைக்கிள் வளர்ந்த திசையைப் பார்த்தால் கர்டிஸின் 136 மைலைவிட இந்த 38 மைலுக்குத்தான் அதிகப் பங்கு உண்டு.

இதே காலத்தில் ஐரோப்பாவின் சைக்கிள் பந்தயத் தடங்களில் வேறொரு காரணத்துக்காகப் பெரிய இன்ஜின்கள் ஓடின. சைக்கிள்காரருக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்றுத் தடை குறையும். இந்த வண்டிகளில் 2 லிட்டரைத் தாண்டிய இன்ஜின்களும் இருந்தன. 1909 ஜூலை 18-இல் பெர்லினில் அப்படியொரு வண்டி பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து பெட்ரோல் தீப்பிடித்ததில் 9 பேர் இறந்தார்கள்.

கர்டிஸ் வண்டி: எது எங்கே இருந்தது

கர்டிஸ் நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்து இன்ஜின் தயாரிப்புக்கு வந்தவர். அவருடைய முதல் இன்ஜினுக்குத் தக்காளி டப்பாதான் கார்புரேட்டர். 1904-இல் தாமஸ் பால்டுவின் தன் ஆகாயக் கப்பலுக்கு கர்டிஸின் மோட்டார் சைக்கிள் இன்ஜினை வாங்கினார். அதிலிருந்து பறக்கும் இயந்திரம் கட்டுகிறவர்கள் கர்டிஸைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: குறைந்த எடையில் நிறையத் திறன்.

எட்டு சிலிண்டர் இன்ஜின் அந்தத் தேவைக்குப் பிறந்தது. நான்கு நான்காக இரண்டு வரிசை, நடுவில் 90 டிகிரி கோணம், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும். தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாததால் எடை மிச்சம். ஆனால் நீண்ட நேரம் முழுத் திறனில் ஓட்டினால் சூடேறிப் பலம் குறையும். ஒரு மைல் ஓட்டத்துக்கு அது பெரிய குறையில்லை. கர்டிஸ் இந்த இன்ஜினை நீட்டிய சைக்கிள் ஃப்ரேமுக்குள் பொருத்தினார். இரு சக்கர அச்சுக்கும் நடுவே தூரம் 64 அங்குலம், சுமார் 163 செ.மீ. ஓட்டுநர் இன்ஜினுக்குப் பின்னால், ஏறக்குறையப் பின்சக்கரத்தின் மேல், ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துக் குனிந்து படுத்தபடி ஓட்ட வேண்டும்.

125 கிலோ புதிர் இங்கே அவிழ்கிறது. வழக்கமான வண்டியில் எடை பிடிக்கும் கியர்பாக்ஸ், கிளட்ச், சஸ்பென்ஷன், பெரிய பிரேக், பெரிய டேங்க், விளக்கு எதையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே ஒரு வேலைக்குக் கட்டிய வண்டி.

பெல்ட்டை ஏன் விட்டார்கள்? அன்றைய மோட்டார் சைக்கிள்களில் தோல் பெல்ட் சர்வசாதாரணம். சில குதிரைத்திறன்வரை அது தாங்கும். மழையோ எண்ணெயோ பட்டால் வழுக்கும். இழுத்துக் கட்டினால் கொக்கி பிய்ந்துவிடும். 40 குதிரைத்திறனைக் கொடுத்தால் கப்பியில் சறுக்கிக்கொண்டே தேய்ந்து தீரும். சைக்கிள் வகைச் செயினும் அறுந்துபோகும். எனவே கிராங்க்கிலிருந்து நேராக ஒரு ஷாஃப்ட் (சுழலும் தண்டு), அதன் முடிவில் சுழற்சியின் திசையைத் திருப்பும் பெவல் கியர், அதிலிருந்து பின்சக்கரம். சக்கரம் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 219 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,640 தடவை சுற்றும். இன்ஜினின் சுற்றோ 1,800. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பெரிய, மெதுவான இன்ஜின் வைத்ததில் கிடைத்த ஒரே பெரிய வசதி இது: சுற்றைக் குறைக்கும் பெட்டி தேவைப்படவில்லை. விலை என்னவென்றால், நின்ற நிலையிலிருந்து சொந்தமாகக் கிளம்ப முடியாது; வேகம் ஏற இரண்டு மைல் ஓடுதளமும், முடிந்தபின் நிற்க இன்னொரு மைலும் வேண்டியிருந்தது.

என்ன உடைந்தது, ஏன்?

அளந்த மைலை முடித்த கர்டிஸ் எதிர்த்திசையில் திரும்பி ஓடும்போது ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட் (கோணத்திலும் சுழல விடும் இணைப்பு) உடைந்தது. அறுந்த ஷாஃப்ட் சுழன்று அடித்ததில் ஃப்ரேம் நெளிந்தது. கர்டிஸ் எப்படியோ வண்டியைக் காயமில்லாமல் நிறுத்திவிட்டார். அந்த இணைப்பு ஏன் போகும் என்பதை யோசித்துப் பார்த்தால் பெரிய இன்ஜினின் பொதுவான நோய் புரியும்.

முறுக்குவிசை கணக்குப்படி சுமார் 158 நியூட்டன் மீட்டர். அதுவும் சீராக வருவதில்லை, உதை உதையாக வரும். சஸ்பென்ஷன் இல்லாத பின்சக்கரம் மணல் மேட்டில் ஒரு கணம் தரையைவிட்டு எழும்பினால், சுமை இல்லாத இன்ஜின் சட்டென்று வேகமெடுக்கும். மறுகணம் டயர் தரையைப் பிடிக்கும்போது அந்த வேக வித்தியாசம் முழுவதும் ஒரே அடியாக ஷாஃப்ட்டில் இறங்கும். பெல்ட்டாக இருந்தால் வழுக்கி அந்த அடியை விழுங்கியிருக்கும். கிளட்ச் இருந்தாலும் சறுக்கியிருக்கும். இங்கே இரும்போடு இரும்பு. இதோடு ஃப்ரேமும் வளைந்துகொடுக்கிறது, ஆகவே இன்ஜினும் பின்சக்கரமும் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஜாயின்ட் கோணத்தில் சுழல வேண்டியிருக்கிறது. இன்ஜினைப் பெரிதாக்குபவர் பலவீனத்தை ஒழிப்பதில்லை, அதை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடுகிறார். பெல்ட்டை நீக்கினால் ஷாஃப்ட், ஷாஃப்ட்டைப் பலப்படுத்தினால் ஃப்ரேம், அதையும் பலப்படுத்தினால் டயர்.

219 கி.மீ. நம்பத்தக்கதா?

காற்றை எதிர்த்துப் போகத் தேவையான திறன் வேகத்தின் முப்படியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. 40 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 219 கி.மீ. போக வேண்டும் என்றால், 110 கி.மீ.யில் காற்றுக்கு 5 குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது. நன்றாகக் குனிந்து படுத்தவருக்கும் இது இறுக்கமான கணக்கு; வழியில் கியரிலும் டயரிலும் போகும் இழப்பை இதில் சேர்க்கவே இல்லை. முடியவே முடியாது என்று தள்ளிவிட முடியாது. பின்காற்று கொஞ்சம் உதவினாலும் நிலைமை மாறும். இருதிசையும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும் என்று பின்னாளில் விதி வந்தது இதற்காகத்தான். கர்டிஸின் திரும்பும் ஓட்டம் நிறைவேறாததால் இது அதிகாரபூர்வச் சாதனையாகப் பதிவாகவில்லை. கடிகாரம் காட்டிய நேரம் 26.4 நொடி என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று கர்டிஸ் இதே வகை எட்டு சிலிண்டர் இன்ஜினோடு ‘ஜூன் பக்’ விமானத்தைப் பறக்கவிட்டுப் பரிசு வென்றார். 1909-இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது பயன்படுத்திய மூன்று சிலிண்டர் இன்ஜினும், மோட்டார் சைக்கிள் பந்தய இன்ஜின்கள் கட்டிய அலெசாண்ட்ரோ அன்சானியின் தயாரிப்பு. பெரிய இன்ஜின்களுக்குச் சரியான இடம் ஆகாயமாக இருந்தது. அங்கே புரொப்பல்லருக்கு மெதுவான சுற்றே நல்லது, கிளட்ச்சும் தேவையில்லை.

சாலையில் என்ன ஆனது? 1930 ஆகஸ்ட் 31 அன்று பிரான்ஸின் அர்பஜோனில் ஜோ ரைட் மணிக்கு 137 மைல் வேகத்தில் அதிகாரபூர்வ மோட்டார் சைக்கிள் சாதனை படைத்தார். அவருடைய ஓஇசி–டெம்பிள் வண்டியில் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பொருத்திய ஜேஏபி நிறுவன இன்ஜின். கொள்ளளவு 994 சிசி. கர்டிஸுக்கு எட்டு சிலிண்டர் தேவைப்பட்ட வேகத்துக்கு, 23 ஆண்டு கழித்து இரண்டே சிலிண்டர், கால்வாசிக்கும் குறைவான கொள்ளளவு.

கர்டிஸின் மூல வண்டி இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கர்டிஸ் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒரு நகல் உண்டு. இதுபோன்ற பழைய வண்டி எதையாவது நேரிலோ படத்திலோ பார்க்கும்போது சிசியை முதலில் படிக்காதீர்கள். குதிரைத்திறனையும் அது எந்தச் சுற்றில் வருகிறது என்பதையும் பாருங்கள். குதிரைத்திறனை லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினிலிருந்து பின்சக்கரம்வரை விரலை ஓட்டிப் பாருங்கள்: பெல்ட்டா, செயினா, ஷாஃப்ட்டா, நேரடி ராடா? அடுத்து டயரின் தடிமனும் பிரேக் எங்கே என்பதும். கடைசிக் கேள்விக்குப் பல வண்டிகளில் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும்.